பயோடீசலை வண்டிக்கு ஊத்தும் முன்னே

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டாங்க. "டீசல் விலை நமக்குக் கட்டுப்படியாகல. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் பலகாரக் கடைகள்ல பொரிச்சு மிச்சமாகிற எண்ணெய் வீணாப் போகுது. அடிவாரத்துல புங்கங்கொட்டை கொட்டிக் கிடக்குது. இதையெல்லாம் நாமே பயோடீசல் ஆக்கி நம்ம கூட்டமைப்பு வண்டிக்கு ஊத்தினா என்ன?" இதுதான் கேள்வி. யாரும் சிரிக்கல. எல்லாரும் யோசிச்சாங்க. விசாரிச்சுச் சொல்லு என்று என்னிடம் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறவர், அதனால் பட்டறைப் பேச்சு எனக்குக் கொஞ்சம் பழக்கம். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதை நமக்குப் புரியுற மாதிரி சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. எண்ணெயில் இன்ஜின் ஓடுமா என்ற சந்தேகமே வேண்டாம். 1900-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. அந்த இன்ஜினைக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசல் என்பவரே இதை எழுதி வச்சிருக்கார். நம்ம நாமக்கல் மாவட்டத்தில் விளையுற அதே நிலக்கடலைதான். ஆனா அன்னைக்கு இருந்த இன்ஜின் வேற, இன்னைக்கு நம்ம வண்டியில் இருக்கிற இன்ஜின் வேற. இன்னைய இன்ஜினில் டீசலைப் பீய்ச்சி அடிக்கிற இன்ஜெக்டர் என்ற பாகத்தின் ஓட்டை நம்ம தலைமுடி பருமனைவிடப் பெருசா ஒண்ணும் இருக்காது. உள்ளே உரசுற பாகங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி அதைவிடவும் பல மடங்கு சின்னது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரிச்சா ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பேர். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். வண்டி பில்டர் 10 மைக்ரானும் அதுக்குக் கீழேயும் உள்ள தூசியைப் பிடிக்கிறதுக்காகச் செஞ்சது. அதாவது நம்ம கண்ணுக்கே தெரியாத தூசி அந்த இன்ஜினுக்குக் கல்லு மாதிரி.

சரி, எண்ணெயை அப்படியே ஊத்தாம ஏன் பயோடீசல் ஆக்கணும்? எண்ணெய் கொழகொழன்னு இருக்கு, டீசல் தண்ணி மாதிரி இருக்கு. புங்க எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. அப்படியே ஊத்தினா சரியாச் சிதறாது, எரியாது, இன்ஜினுக்குள்ளே கரி பிடிக்கும். அதனால் எண்ணெயோட மெத்தனாலையும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சூடு பண்ணிக் கலக்குறாங்க. 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனால் ஆகும். கலக்கி வச்சா அடியில் கருப்பா, பாகு மாதிரி கிளிசரின் தங்கும். மேலே தெளிவா நிக்கிறது பயோடீசல். அந்தக் கிளிசரினைப் பிரிச்சுட்டு, மேலே நிக்கிறதைத் தண்ணி விட்டுக் கழுவி, அந்தத் தண்ணியும் போகிற மாதிரி உலர்த்தி, அப்புறம்தான் வடிகட்டணும்.

இந்த வடிகட்டுற வேலைக்கு வருவோம். கேட்டவங்க எல்லாரும் என்னிடம் சொன்ன ஒரே பதில், "நல்ல பில்டர் போட்டாப் போதும்" என்பது. அது பாதிதான் உண்மை.

ரசத்தைத் துணியில் வடிகட்டுறோம். புளிச்சக்கை நிக்கும், மிளகுத் தோல் நிக்கும். உப்பு நிக்குமா? நிக்காது. அது ரசத்தில் கரைஞ்சு போச்சு. எத்தனை மடிப்புத் துணி போட்டாலும் உப்பு கீழேதான் போகும். பயோடீசலும் அதே கதைதான். பலகாரத் தூள், மண், துரு, இதையெல்லாம் பில்டர் பிடிச்சிடும். ஆனா சரியா மாறாம மிச்சமிருக்கிற எண்ணெய், கரைஞ்சு கிடக்கிற மெத்தனால், சோப்பு, கண்ணுக்குத் தெரியாத தண்ணி, இதையெல்லாம் பில்டர் முழுசாப் பிடிக்காது. அதெல்லாம் பில்டரைத் தாண்டி இன்ஜினுக்குள்ளே போகும். இல்லைன்னா பில்டரிலேயே பசை மாதிரி அப்பிக்கிட்டு வழியை அடைச்சிடும். கரைஞ்சதை எடுக்கிறதுக்குக் கழுவுற வேலையும் உலர்த்துற வேலையும்தான் வழி. அதைச் சரியாச் செஞ்சாத்தான் பில்டருக்கு வேலை குறையும்.

இந்தச் சோப்பு எங்கிருந்து வருது? பலமுறை பொரிச்ச எண்ணெயிலும், ஈரமா மூட்டை கட்டி வச்ச கொட்டையை ஆட்டின எண்ணெயிலும் புளிப்பு ஏறிடும். அந்தப் புளிப்பு காஸ்டிக் சோடாவோட சேர்ந்தா சோப்பாயிடும். கிராமத்துப் பக்கம் சோப்பு காய்ச்சுறதும் இப்படித்தான். அதனால் வடிகட்டுற வேலை கொட்டை பொறுக்குற நாளிலேயே ஆரம்பிக்குது. கொட்டையை நல்லா வெயிலில் உலர்த்தி, காத்தோட்டமா வச்சு, சீக்கிரமா ஆட்டணும். கடைக்காரரிடம் எண்ணெய் வாங்கினா, கறுத்து நுரை கட்டினதை வாங்கக்கூடாது. பொரிக்கிற எண்ணெயை எவ்வளவு தூரம் கெட்டுப்போக விடலாம் என்பதுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் ஒரு அளவு வச்சிருக்கு. அதைத் தாண்டின எண்ணெயில் சமைக்கக்கூடாது. அந்த எண்ணெயைப் பயோடீசலுக்குச் சேகரிக்கிற திட்டமும் அதே வருஷம் வந்தது. கெட்ட எண்ணெய் மறுபடி நம்ம பிள்ளைங்க வாய்க்குப் போகாம இருக்க இது நல்ல வழி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இப்போ வரிசையாச் சொல்றேன், குறிச்சுக்கிறவங்க குறிச்சுக்கலாம்.

ஒண்ணு, வாங்கி வந்த எண்ணெயை லேசாச் சூடு பண்ணி, கம்பி வலையில் ஊத்தி, பலகாரத் தூளை எடுத்துட்டு, ஒரு நாள் ரெண்டு நாள் ஆடாம அசையாம வைக்கணும். தண்ணி எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கிடும். மேலே தெளிஞ்சதை மட்டும் எடுக்கணும்.

ரெண்டு, பயோடீசல் ஆனதும் கிளிசரினை முழுசாத் தங்கவிட்டுப் பிரிக்கணும். இதில் அவசரப்படக்கூடாது.

மூணு, கழுவுறது. கழுவின தண்ணி முதல் தடவை பால் மாதிரி வரும். தெளிஞ்சு வர்ற வரைக்கும் கழுவணும். சரியாக் கழுவியாச்சா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணி விட்டு, மூடிப் பத்து விநாடி பலமாக் குலுக்கி அப்படியே வைக்கணும். அரை மணி நேரத்துக்குள்ளே மேலே எண்ணெய், கீழே தண்ணி என்று பிரிஞ்சா நல்லது. நடுவில் மோர் கடைஞ்ச மாதிரி வெள்ளையா நின்னா இன்னும் சோப்பு இருக்கு, இல்லைன்னா எண்ணெய் சரியா மாறலன்னு அர்த்தம்.

நாலு, உலர்த்துறது. பயோடீசல் டீசலைவிட அதிகமாத் தண்ணியை உள்ளே இழுத்து வச்சுக்கும். அதனால் சூடு பண்ணித் தண்ணியை ஓட்டணும். கண்ணாடிப் பாட்டிலில் ஊத்தி, அதுக்குப் பின்னாடி செய்தித்தாளைப் பிடிச்சா எழுத்து படிக்கிற மாதிரி தெளிஞ்சிருக்கணும். மங்கலா இருந்தா தண்ணி இருக்கு.

அஞ்சு, இதுக்கு அப்புறம்தான் பில்டர். முதல்ல 5 மைக்ரான் பை, அடுத்து 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ். பழைய சேலைத் துணியில் வடிகட்டி நேரா டேங்கில் ஊத்தக்கூடாது. துணியில் இருந்து நூல் பிசிறு உதிரும், அதுவே அடைக்கும்.

ஆறு, சேமிக்கிற பாத்திரம். பித்தளை, தாமிரம், துத்தநாகம் பூசின தகரம், இது எதுவும் வேண்டாம். பயோடீசல் அதில் சீக்கிரம் கெட்டுப் பிசின் கட்டும். எவர்சில்வரும் இதுக்குன்னு இருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கேனும் பரவாயில்லை. நிறைய நாள் வைக்காம ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ளே தீர்த்திடறது நல்லது. அடியில் தண்ணி தங்கினா அதில் பாசி மாதிரி வழவழப்பு வளரும், அதுவும் பில்டரை அடைக்கும்.

இனி வண்டிப் பக்கம் வருவோம். பயோடீசலுக்கு ஒரு குணம் உண்டு. பழைய அழுக்கை எல்லாம் கழுவி விடும். வருஷக்கணக்கா டீசல் ஓடின டேங்கின் அடியில் படிஞ்சு கிடக்கிற கசடு, பயோடீசல் பட்டதும் பெயர்ந்து கிளம்பும். நேரா பில்டரில் வந்து நிக்கும். அதனால் நம்ம எண்ணெய் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் முதல் ஒண்ணு ரெண்டு டேங்க் ஓடுறதுக்குள்ளே பில்டர் அடைபடலாம். "எண்ணெய் கெட்டது" என்று நினைச்சிடக் கூடாது. அந்த நேரத்தில் பில்டரை முன்கூட்டியே மாத்தணும். கூடவே வண்டியில் ஒரு புது பில்டரும் அதைக் கழட்டுற ஸ்பேனரும் எப்பவும் இருக்கணும். பழைய வண்டிகளில் இருக்கிற ரப்பர் ஓஸ் சில நேரம் பயோடீசலில் ஊறிப் பொத பொதன்னு ஆகிடும். அதையும் பார்த்து மாத்தணும்.

பல வண்டிகளில் பில்டரின் அடியில் தண்ணி வடிக்கிற திருகு ஒண்ணு இருக்கும். வாரம் ஒரு தடவை அதைத் திறந்து கொஞ்சம் வடிச்சுப் பார்க்கணும். சில வண்டிகளில் தண்ணி சேர்ந்தா டிரைவர் முன்னாடி ஒரு விளக்கு எரியும். அது எரிஞ்சா அப்புறம் பார்த்துக்கலாம்னு ஓட்டக்கூடாது. புது பில்டர் போட்டா உள்ளே காத்து இருக்கும். கைப்பம்பை அழுத்திக் காத்தை வெளியேத்தாம இன்ஜின் பிடிக்காது.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? சமவெளியில் பில்டர் அடைச்சா வண்டி நிக்கும், ஓரமா ஒதுக்கிப் போட்டுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். நம்ம காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. பில்டர் அடைபட ஆரம்பிச்சா சமதளத்தில் தெரியாது. லோடு ஏத்திக்கிட்டு மேட்டில் ஏறும்போதுதான் இழுக்காது, திணறும், ஆஃப் ஆகும். இன்ஜின் நின்னா பிரேக் கல்லு மாதிரி ஆகும், ஸ்டியரிங் இறுகிப் போகும். வளைவில் பின்னாலே பஸ் வருது என்றால் என்ன ஆகும் என்று யோசிங்க. அன்னாசியும் பலாவும் மிளகும் ஏத்திக்கிட்டு இறங்குறதும், மளிகை ஏத்திக்கிட்டுத் திரும்பி ஏறுறதும் அந்த வண்டிதான். அவசரத்துக்குப் பிரசவத்துக்குப் போறதும் அந்த வண்டிதான். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அதைப் பணயம் வைக்க முடியாது.

இன்னொண்ணு நம்ம மலைக்கே உரியது. மார்கழி, தை மாசத்தில் நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளே கட்டியாகிடுது. ரேஷன் பாமாயிலும் மங்கி, அடியில் வெள்ளையாத் தங்கிடும். பாமாயிலில் செஞ்ச பயோடீசலும் அப்படித்தான். டீசல் நல்லா ஓடுற குளிரிலேயே அது மெழுகு கட்ட ஆரம்பிக்கும். அந்த மெழுகு முதல்ல அடைக்கிறது பில்டரைத்தான். விடிகாலை நாலு மணிக்குச் சந்தைக்குக் கிளம்புற வண்டி அன்னைக்குக் கிளம்பாது. வெயில் ஏறினதும் தானாச் சரியாகிடும், அதனால் காரணமே தெரியாமப் போயிடும். பலகாரக் கடை எண்ணெய் பெரும்பாலும் பாமாயில் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்ததை எல்லாரும் கவனமாக் கேக்கணும். மெத்தனால். 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கும் மேலே செத்தாங்க. அந்தச் சாராயத்தில் கலந்திருந்த விஷம் இந்த மெத்தனால்தான். 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் நடந்ததும் இதனால்தான். வாசனையிலும் நிறத்திலும் சாராயத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் உள்ளே போனாலே கண்ணு போகும், உயிர் போகும். ஆவியா மூச்சில் போனாலும், தோலில் பட்டாலும் கெடுதல். தீப்பிடிச்சா அதோட ஜுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாத் தெரியாது. உரிமம் இல்லாம இதை வாங்கவும் கூடாது, வைக்கவும் கூடாது. நம்ம வீட்டில் அடுப்பு எரியுற இடத்தில், பிள்ளைங்க ஓடி விளையாடுற இடத்தில், மாலையில் குடிச்சுட்டு வர்ற ஆம்பளைங்க இருக்கிற ஊரில், ஒரு கேன் மெத்தனாலைக் கொண்டுவந்து வைக்கலாமா? என் பதில் கூடாது. யார் வந்து எவ்வளவு லாபம் சொன்னாலும் வீட்டில் வச்சு இதைச் செய்யக்கூடாது.

அப்படின்னா நம்ம மாதிரிப் பெண்களால் இது முடியாதா? முடிஞ்சிருக்கு. அப்போதைய ஆதிலாபாத் மாவட்டத்தில் பவர்குடா என்று ஒரு கிராமம். அப்போ ஆந்திரம், இப்போ தெலங்கானா. கோண்டு பழங்குடிப் பெண்கள், நம்மளை மாதிரியே சுய உதவிக் குழு. புங்க மரம் நட்டாங்க, கொட்டை சேகரிச்சாங்க, குழுவே எண்ணெய் ஆட்டுற இயந்திரத்தை நடத்துச்சு. இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனம் துணைக்கு நின்னது. அந்த எண்ணெயால் பத்து வருஷத்தில் 147 டன் கரியமில வாயு குறையும் என்று கணக்குப் போட்டு, 2003-ல் உலக வங்கி அவங்களுக்கு 645 டாலர் கொடுத்தது. கவனிங்க, அந்தப் பெண்கள் கையில் வச்சுக்கிட்ட வேலை நாற்று, கொட்டை, எண்ணெய், புண்ணாக்கு.

ஒடிசாவில் கிஞ்ச்லிங்கி என்று இன்னொரு சின்னப் பழங்குடி ஊர். கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் வேலை செய்யுற பகுதி. அங்கே 2004 வாக்கில் இருந்து, சைக்கிள் மாதிரி மிதிக்கிற இயந்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாப் பயோடீசல் செஞ்சாங்க. அதை எதுக்குப் பயன்படுத்தினாங்க தெரியுமா? ஊருக்குத் தண்ணி ஏத்துற பம்புசெட்டுக்கு. ஒரே இடத்தில் நிக்கிற இன்ஜின். அது நின்னா யாரும் பள்ளத்தில் விழப்போறதில்லை. பில்டரைக் கழட்டிப் பார்த்து, சுத்தம் பண்ணி, என்ன கோளாறு என்று கத்துக்கலாம். இதுதான் புத்திசாலித்தனமான ஆரம்பம் என்று எனக்குத் தோணுது.

அதனால் பொதுக்குழு முன்னாடி என் கருத்தை வைக்கிறேன். ஏத்துக்கிறதும் மாத்துறதும் உங்க விருப்பம்.

முதலாவது, வீட்டில் பயோடீசல் காய்ச்சுறது வேண்டாம் என்று தீர்மானம் போடுவோம். கடையில் மிச்சமாகிற எண்ணெயைக் குழுக்கள் சேகரிச்சு, வலையில் வடிச்சு, தெளியவச்சு, அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கு எடை போட்டு விப்போம். சேகரிக்கிறதுக்கு முன்னாடி உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து முறையாக் கேட்டுக்குவோம். சுத்தமா, தண்ணி இல்லாம கொடுக்கிற எண்ணெய்க்கு விலை பேசுற தைரியம் நமக்கு வரும். வடிகட்டத் தெரிஞ்சவங்களுக்குக் கிடைக்கிற முதல் லாபம் இது.

ரெண்டாவது, கூட்டமைப்பு வண்டிக்கு இப்போதைக்குப் பங்கில் வாங்குற டீசலைத் தவிர வேற எதையும் ஊத்த வேண்டாம். ரோட்டோரம் பயோடீசல் என்று சொல்லி மலிவா விக்கிறதையும் வாங்க வேண்டாம். 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்கணும் என்று சொல்லுது. அந்தக் கலப்பு பரிசோதனை பண்ணின சரக்கா இருக்கும். நம்மளால் சோதிக்க முடியாத கேனை நம்ம டேங்குக்குள்ளே கவுக்க வேண்டாம்.

மூணாவது, பயோடீசலோ டீசலோ, வண்டிக்கு ஒரு பில்டர் நோட்டு போடுவோம். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் பில்டர் மாத்தினோம், எப்போ தண்ணி வடிச்சோம், எவ்வளவு வந்தது, இதை டிரைவர் எழுதணும், நம்மில் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். சேமிப்பு நோட்டும் கடன் நோட்டும் எழுதத் தெரிஞ்ச நமக்கு இது பெரிய வேலையா? மாத்தின பழைய பில்டரைக் கவுத்துப் பார்த்தா டேங்குக்குள்ளே என்ன இருக்குன்னு அதுவே சொல்லும். எண்ணெய் ஊறின துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க, தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். ஐயாத்துல எந்தக் கழிவையும் கொட்டாதீங்க. அந்தத் தண்ணிதான் ஆகாய கங்கையா விழுது.

நாலாவது, பின்னாளில் அனுமதியோடு, தெரிஞ்ச நிறுவனம் ஒண்ணு துணைக்கு நின்னு, தனிக் கொட்டகையில் இதைச் செய்ய வாய்ப்பு வந்தா, ஒரே இடத்தில் நிக்கிற பம்புசெட்டில் ஆரம்பிப்போம். ஒரு மழைக்காலம், ஒரு மார்கழி, ஒரு கோடை அதில் ஓடட்டும். எத்தனை பில்டர் செலவாச்சு என்று நோட்டைப் பார்ப்போம். அந்தக் கணக்கு சரின்னு சொன்னா மட்டும் மலை இறங்குற வண்டியைப் பத்திப் பேசுவோம்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு நன்றி சொல்லணும். அவங்க கேக்கலைன்னா, நாளைக்கு யாராவது வந்து ஒரு டிரம்மையும் ஒரு கேனையும் காட்டி, "அம்மா, இதில் கையெழுத்துப் போடுங்க, கடன் வாங்கித் தர்றோம்" என்று சொல்லும்போது நம்மிடம் கேக்கிறதுக்கு ஒரு கேள்வியும் இருந்திருக்காது. இனிமே அப்படி யார் வந்தாலும் நாம மூணு கேள்வி கேப்போம். மெத்தனாலுக்கு உரிமம் யார் பேரில் இருக்கு? கழுவின எண்ணெயைக் குலுக்கிக் காட்டுவீங்களா? மார்கழிக் குளிரில் இது உறையுமா உறையாதா? பதில் சொல்ல முடியாதவங்களுக்கு டீ கொடுத்து அனுப்பி வச்சிடுவோம்.